பாவ்ஸியைத் தராசில் வைத்தபோது

அலுவலகத்தில் வருடம் ஒரு தடவை எடுக்கும் உடல் பரிசோதனையின் ரிப்போர்ட் வந்தது. ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் மேல்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி. வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.3. இங்கே சீனாவில் மில்லிமோல் கணக்கு. நம் ஊர் மில்லிகிராம் கணக்கில் 113 சொச்சம். சர்க்கரை நோய் இன்னும் இல்லை, வாசற்படி வரைக்கும் வந்து நிற்கிறது என்று அர்த்தம்.

காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். இரண்டு கறிப் பாவ்ஸி, ஒரு கிளாஸ் சோயாப் பால் என்றேன். (பாவ்ஸி என்பது பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் சீனத்து மாவு உருண்டை. கறி என்றால் இங்கே பன்றிக் கறி.) "கறியில் கொழுப்பு. கீரைப் பாவ்ஸிக்கு மாறிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஷாங்காய்க்கு வந்து ஏழு வருடமாகிறது. எங்கள் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே காலை ஆறு மணிக்கே மூங்கில் தட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டு ஆவி பறக்கும். கறி, கீரைக்காளான், இனிப்புப் பயறு என்று மூன்று வகை. ஒன்று இரண்டரை யுவான். கைக்குச் சூடாக இருக்கும், மெட்ரோ வருவதற்குள் தின்று முடித்துவிடலாம். அது எனக்குப் பழகிப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆவியில் வெந்தது உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று இட்லி தின்று வளர்ந்தவனுக்குள் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. எண்ணெயில் பொரித்த யூத்தியாவ் என்ற மாவுக் குச்சி பக்கத்திலேயே விற்கும். அதை வாங்காமல் பாவ்ஸி வாங்கும்போதெல்லாம் ஏதோ நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொள்வேன்.

மருத்துவர் சொன்னது சரியா என்று பார்க்கச் சமையல் தராசு ஒன்று வாங்கினேன். ஒரு வாரத்தில் முடிகிற வேலை என்று நினைத்தது ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உள்ளே பூரணம் இருந்தால் பாவ்ஸி, வெறும் மாவாக இருந்தால் மான்டோ. பாடப்புத்தகச் சீனத்தில் அப்படித்தான். ஷாங்காய்க்காரப் பெரியவர்களோ பூரணம் வைத்ததையும் மான்டோ என்றே சொல்வார்கள். வந்த புதிதில் இதனால் நான் குழம்பியிருக்கிறேன். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இது 'பாவ்'. நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம், ஆனால் மாவு கோதுமை, அதுவும் ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்தது. கணக்கில் இதனால் என்ன வித்தியாசம் வருகிறது என்று போகப்போகத் தெரியும்.

பிரித்துப் போட்டது

கேட்டுக்கு வெளியே மூன்று வகையிலும் இரண்டிரண்டு வாங்கி வந்து மேஜையில் வைத்தேன். ஆறிய பிறகு கத்தியால் பிளந்து, பூரணத்தை ஸ்பூனால் சுரண்டி ஒரு கிண்ணத்தில், தோலை இன்னொரு கிண்ணத்தில் போட்டு எடை பார்த்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு" என்றாள்.

கறிப் பாவ்ஸி முழுசாக 102 கிராம். தோல் 68, பூரணம் 34. கீரை 98 கிராமில் 62ம் 36ம். பயறு 90 கிராமில் 58ம் 32ம். இரண்டாவது செட்டிலும் இரண்டு மூன்று கிராம்தான் முன்னே பின்னே.

இங்கேதான் முதல் அடி விழுந்தது. 'கறிப் பாவ்ஸி' என்கிறோம், ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு மாவு. கறியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு மருத்துவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். நானும் ஏழு வருடமாகக் கறியைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறேன். தோலோடு ஒட்டியிருந்த சாற்றைப் பிரிக்க முடியவில்லை என்பதால் இந்த எடையில் கொஞ்சம் பிழை இருக்கும். கறிச் சாறு தோலின் உள்பக்கத்தில் ஊறி, அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மினுங்கியது. டிஷ்யூ பேப்பரில் ஒற்றினால் எண்ணெய்க் கறை. கீரைப் பாவ்ஸியையும் அப்படியே ஒற்றிப் பார்த்தேன். அதிலும் கறை, கிட்டத்தட்ட அதே அளவுக்கு.

கடைக்காரர் கறியில் எவ்வளவு கொழுப்பு சேர்த்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? சூப்பர் மார்க்கெட்டில் உறையவைத்த கறிப் பாவ்ஸி பாக்கெட் ஒன்று எடுத்தேன், லேபிள் இருக்கிறதே என்று. 100 கிராமுக்கு 972 என்று பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. அப்புறம்தான் கவனித்தேன், சீனாவில் லேபிளில் ஆற்றலைக் கிலோஜூலில்தான் போடுவார்கள். 4.184ஆல் வகுத்தால் 232 கிலோகலோரி. (இனிமேல் பேச்சு வழக்கில் கலோரி என்றே எழுதுகிறேன்.) அதற்குப் பக்கத்தில் இருக்கும் சதவீதம், ஒரு நாளைக்கு 8400 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டு போட்டது. புரதம் 8.2 கிராம், கொழுப்பு 8.5, மாவுச்சத்து 30.5. சோடியம் 420 மில்லிகிராம். அதற்கு நேரே 21%. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் என்ற கணக்கில், 100 கிராம் பாவ்ஸியிலேயே ஐந்தில் ஒரு பங்கு உப்பு தீர்ந்துபோகிறது. ருசியில் உப்பு அவ்வளவு தூக்கலாகத் தெரியவே தெரியாது, மாவு மூடி மறைத்துவிடுகிறது.

லேபிளில் தோலுக்கு எவ்வளவு, பூரணத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவில்லை. நானே செய்து பார்த்தால்தான் உண்டு.

கறி

எதிர் ஃபிளாட்டில் ஓய்வுபெற்ற ஒரு அம்மா இருக்கிறார். இங்கே அந்த வயதுப் பெண்களை 'அயீ' என்று கூப்பிடுவது வழக்கம், அத்தை, சித்தி என்கிற மாதிரி. என் வாயில் அது ஆயி என்றே விழும். நம் ஊரில் ஆயி என்றால் அம்மா, அதனால் நான் திருத்திக்கொள்ளவும் இல்லை. ஆயிதான் மாவு பிசையக் கற்றுக்கொடுத்தார். ஒரே நிபந்தனை: அவர் கை போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் நான் தராசில் வைத்துவிடுவேன். முதலில் சிரித்தார். பத்து நிமிடம் கழித்து, சலித்துப்போய் எண்ணெய் பாட்டிலைத் தராசுக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டார்.

நடுத்தர மைதா 300 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 155, ஈஸ்ட் 3, சர்க்கரை 12. பிசைந்தால் 470 கிராம். எட்டாகப் பிரித்தால் ஒன்று 58 சொச்சம். மாவுப் பையின் லேபிளில் 100 கிராமுக்கு 1480 கிலோஜூல், அதாவது 354 கலோரி, புரதம் 10.5 கிராம், மாவுச்சத்து 74. ஆக ஒரு தோலுக்கு 139 கலோரி, 29 கிராம் மாவுச்சத்து, கிட்டத்தட்ட 4 கிராம் புரதம். கொழுப்பு அரை கிராம்.

பூரணத்துக்குக் கறியில் கொழுப்பு மூன்று பங்கு, சதை ஏழு பங்கு என்பது ஆயியின் கணக்கு; கறிக்கடையில் அப்படிச் சொன்னால் கண்முன்னாலேயே வெட்டி அரைத்துக் கொடுக்கிறார்கள். 200 கிராம் எடுத்தோம். இஞ்சியும் வெங்காயத்தாளும் ஊறவைத்த தண்ணீர் 60 கிராம். சோயா சாஸ் 15 மில்லி, உப்பு 2 கிராம், சர்க்கரை 5, நல்லெண்ணெய் 5. இங்கே நல்லெண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து வரும், நம்முடையதைவிட வாசனை கூடுதல்.

தண்ணீரைக் கறிக்குள் ஏற்றும் விதம்தான் எனக்குப் பிடித்த இடம். முதலில் உப்பையும் சாஸையும் போட்டு, சாப்ஸ்டிக்கால் ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். திசை மாற்றினால் ஆயி கையைத் தட்டிவிடுவார். இரண்டு நிமிடத்தில் கறி இழை இழையாகப் பிசுபிசுக்க ஆரம்பிக்கும். உப்பு கறியிலிருந்து புரதத்தை வெளியே இழுத்துக் கரைக்கிறது, அதுதான் பசை. அப்புறம் இஞ்சித் தண்ணீரை மூன்று தவணையாக ஊற்றிச் சுற்றினால் ஒரு சொட்டு விடாமல் கறி குடித்துவிடுகிறது. கிட்டத்தட்ட 290 கிராம் பூரணத்தில் 60 கிராம் வெறும் தண்ணீர், கலோரி சுத்தமாகக் கிடையாது. வாயில் வடியும் அந்தச் சாறு முழுக்கக் கொழுப்பு என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் இந்தத் தண்ணீர்தான்.

தோலைத் தேய்ப்பதும் சப்பாத்தி மாதிரி இல்லை. இடது கை வட்டத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க, வலது கை சின்னக் கட்டையால் ஓரத்தை மட்டும் அழுத்தி அழுத்தி விட வேண்டும். நடுவில் தடிமன், ஓரத்தில் மெலிசு. மடிக்கும்போது ஓரங்கள் எல்லாம் மேலே ஒரே இடத்தில் சேருமே, அதனால். இடது கட்டை விரல் பூரணத்தை உள்ளே அமுக்கிக்கொண்டிருக்க, வலது கை சேலைக் கொசுவம் எடுக்கிற மாதிரி ஓரத்தை மடித்து மடித்துச் சேர்க்கிறது. ஆயிக்குப் பதினெட்டு மடிப்பு வரும். எனக்கு முதல் நாள் ஆறு, அதிலும் ஒன்று வாயைப் பிளந்தது.

அந்த முதல் ஈடு ஒரு விபத்து. மேலே பொங்கட்டும் என்று அடுக்கிவைத்து, ஒரு போன் வந்ததில் ஒரு மணி நேரம் மறந்துவிட்டேன். பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, அடுப்பை அணைத்த கையோடு மூடியைத் திறந்தேன். எட்டும் உருண்டையாகப் பளபளவென்று இருந்தன. கண் எதிரிலேயே ஒவ்வொன்றாகக் காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்கி, மஞ்சளாக, கிழவன் முகம் ஆயின. அதிகம் பொங்கிய மாவுக்குச் சுவர் பலம் இருக்காது. உள்ளே இருக்கும் ஆவி திடீரென்று குளிர்ந்து சுருங்கும்போது தோலையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம், மூடியில் ஒரு சாப்ஸ்டிக் இடுக்கி, மெதுவாகத் திறக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகு சொல்லப்பட்டது. இன்னொன்று, எவர்சில்வர் மூடியாக இருந்தால் துணி சுற்றுங்கள். மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர் விழுந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடுகிறது.

சுருங்கினாலும் கணக்கு சுருங்காது. பச்சையாக 95 கிராம் இருந்தது அடுப்பிலிருந்து எடுத்ததும் 96, பத்து நிமிடம் ஆறிய பிறகு 94. ஆவி எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுத்துவிடவும் இல்லை. உள்ளே என்ன வைத்தோமோ அது அப்படியே இருக்கிறது.

பூரணத்துக்கு 95 கலோரி, தோலுக்கு 139. ஆக ஒரு கறிப் பாவ்ஸி 234 கலோரி, புரதம் 7.7 கிராம், கொழுப்பு 8.9, மாவுச்சத்து 30, சோடியம் 240 மில்லிகிராம். கொழுப்பு பூரணத்திலிருந்து வருகிறது, உண்மைதான். ஆனால் கலோரியில் நூற்றுக்கு அறுபது தோலிலிருந்து வருகிறது. புரதத்திலும் பாதி மைதாவிலிருந்து. அதாவது 'கறி தின்கிறேன்' என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் கறியின் புரதம் நான்கு கிராம்கூட முழுசாக இல்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம்.

கீரையும் பயறும்

கீரைப் பாவ்ஸிக்கு அரைக் கிலோ பாக் சோய் என்ற சீனக் கீரை. கொதிநீரில் முக்கி, பொடியாக நறுக்கி, துணியில் கட்டிப் பிழிந்தால் 230 கிராம்தான் மிஞ்சுகிறது. உலர்ந்த ஷிடாகே காளான் 15 கிராம், ஊறினால் 60. அழுத்தின கெட்டி டோஃபு 60 கிராம். இதுவரை மருத்துவர் சொன்ன மாதிரியேதான்.

அப்புறம் ஆயி எண்ணெய் பாட்டிலைத் திறந்தார். பிழிந்த கீரை உதிரி உதிரியாக இருக்கும், மடிக்க வராது, வெந்ததும் வாயில் வைக்கோல் மாதிரி இருக்கும். எண்ணெய்தான் அதைச் சேர்த்துப் பிடிக்கிறது, பச்சை நிறத்தையும் காக்கிறது. தராசைக் கீழே வைத்திருந்ததால் பிடித்துவிட்டேன்: 40 கிராம். மேலே நல்லெண்ணெய் 8. உப்பு 4, சர்க்கரை 8. மொத்தம் 410 கிராம் பூரணம், 645 கலோரி. அதில் 425 எண்ணெயிலிருந்து மட்டும்.

ஒரு பாவ்ஸிக்கு 37 கிராம் வைத்தால் 58 கலோரி. தோலோடு சேர்த்து 197. கறிக்கும் கீரைக்கும் வித்தியாசம் வெறும் 37 கலோரி. கொழுப்பு 8.9க்குப் பதில் 5.3, அது லாபம்தான், அதுவும் பன்றிக் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய். ஆனால் புரதம் 7.7லிருந்து 5.6க்கு இறங்கிவிட்டது. மாவுச்சத்து அப்படியே, ஏனென்றால் தோல் அதே தோல்.

பயறு என் மனைவியின் யோசனை. அவள் சைவம். ஏழு வருடமாகப் பயறுப் பாவ்ஸியை நம்பித்தான் காலம் ஓட்டுகிறாள். "பயறுன்னா புரதம் தானே?" என்றாள். நியாயமான கேள்வி. அட்ஸுகி என்கிற அந்தச் சின்னச் சிவப்புப் பயற்றில் 100 கிராமுக்கு 20 கிராம் புரதமும் 12 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் இருக்கிறது.

200 கிராம் பயறை வேகவைத்து மசித்தோம். ஆயி சர்க்கரையைக் கொட்டினார்: 160 கிராம். பிறகு வாணலியில் போட்டு, "பன்றிக்கொழுப்பு எங்கே?" என்றார். வேண்டாம், இவள் சாப்பிட மாட்டாள் என்றேன். "அது போடாமல் பளபளப்பு எப்படி வரும்? எங்கள் அம்மா காலத்திலிருந்து பயறுக்கு அதுதானே?"

வீட்டில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. மனைவி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வருடம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நானே கேட்டுக்கு வெளியே போய்க் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் கூச்சப்படாமல் பின்னால் திரும்பிப் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். தயாராக வாங்கும் பயறு விழுது. மூலப்பொருள் வரிசையில் தாவர எண்ணெய் என்றுதான் இருந்தது. உயிர் வந்தது. ஆனால் அந்த வரிசையில் எடை அதிகமானதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது சட்டம். அங்கே முதலில் இருந்தது வெள்ளைச் சர்க்கரை, பயறு இரண்டாவது. சீனாவில் இருக்கும் சைவர்கள் கடைக்குக் கடை இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது. வீட்டில் செய்தால் கொழுப்பு, பையில் வந்தால் சர்க்கரை, ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

எங்கள் ஈட்டில் 60 கிராம் கடலை எண்ணெய் போட்டோம். மொத்தம் 540 கிராம் விழுது, 1830 கலோரி. 37 கிராமுக்கு 125. தோலோடு 264 கலோரி! மூன்றிலும் இதுதான் அதிகம், கறியைவிட முப்பது கூட. சேர்த்த சர்க்கரை தோலில் இருப்பதையும் கூட்டினால் 12.5 கிராம். சீனாவின் 2022 உணவு வழிகாட்டி, சேர்த்த சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் இருந்தால் நல்லது என்கிறது. காலையில் ஒரு பாவ்ஸியிலேயே அந்த 25ல் பாதி. தோலைச் சலித்து எடுத்த வழவழப்பான விழுதாக இருந்தால் நார்ச்சத்தில் பெரும்பகுதியும் போய்விடும். நாங்கள் சலிக்கவில்லை, இருந்தும் ஒரு பாவ்ஸிக்குப் பயற்றிலிருந்து நார் 1.7 கிராம்தான் தேறியது.

"அப்ப நான் இத்தனை நாளா சாப்பிட்டது ஸ்வீட்டுன்னு சொல்லுங்க" என்றாள். ஆமாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

விரலில் குத்தியது

கலோரி ஒரு பக்கம், என் பிரச்சினை சர்க்கரை. குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கி, வெவ்வேறு நாட்களில், காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில், இரண்டு பாவ்ஸி தின்று ஒரு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன். ஒரே ஆள், ஒரே மீட்டர், ஒவ்வொன்றும் ஒரே தடவை. இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்து சாப்பிடுபவர்கள் என்னைப் பார்த்து எதையும் மாற்றவும் வேண்டாம்.

ஒப்பிடுவதற்காக அதே மாவில் பூரணம் இல்லாமல் இரண்டு உருண்டை வேகவைத்தேன், அதாவது மான்டோ. அது 10.4க்கு ஏறியது, நம் கணக்கில் 187. இரண்டு கறி, 9.1. இரண்டு கீரை, 9.6. இரண்டு பயறு, 11.2, அதாவது 200ஐத் தாண்டியது. அதை மறுபடி முயற்சி செய்யவில்லை.

கறியைவிடக் கீரை ஏன் கூட? மாவுச்சத்து இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கறியில் இருக்கும் புரதமும் கொழுப்பும் வயிற்றிலிருந்து மாவு இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. அதற்காகக் கறிக்கு மார்க் போட்டுவிட முடியாது. இரண்டாவது மணி நேரத்தில் பார்த்தால் வெறும் மான்டோ 7.4க்கு இறங்கிவிட்டது, கறி 8.0ல் நின்றுகொண்டிருந்தது. கொழுப்பு ஏற்றத்தைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். வெள்ளை மாவு மான்டோவின் கிளைசீமிக் குறியீடு (ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்கிற எண்) சீன அட்டவணைகளில் 80க்கு மேல் இருக்கிறது. இவ்வளவு மிருதுவாக, ஓட்டை ஓட்டையாகப் பொங்கி, முழுக்க வெந்த மாவை உடம்பு உடைக்க நேரமே ஆகாது. ஆவியில் வெந்த நல்ல உணவு என்று நான் எதைக் கொண்டாடினேனோ அதேதான் காரணம்.

திருத்திய ஈடு

இனிமேல் எதில் கை வைப்பது என்று தெளிவாகத் தெரிந்தது: தோலில்.

முதலில் பாதிக்குப் பாதி முழுக்கோதுமை மாவு போட்டேன். செங்கல். மனைவி ஒன்றைக் கடித்துவிட்டு மீதியைத் தட்டிலேயே வைத்தாள். அடுத்து 300ல் 90 கிராம் மட்டும் முழுக்கோதுமை, தண்ணீர் 12 கிராம் கூட. இது நன்றாகவே வந்தது, லேசான சப்பாத்தி வாசனையோடு. ஆனால் கணக்குப் போட்டால் நார்ச்சத்து ஒரு பாவ்ஸிக்கு ஒரு கிராமிலிருந்து இரண்டுக்குக்கூட முழுதாக வரவில்லை. கடையில் 'முழுதானியப் பாவ்ஸி' என்று பழுப்பு நிறத்தில் விற்பதைப் பார்த்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ருசிக்காக 30 சதவீதத்தை வைத்துக்கொண்டேன், மருந்தாக நினைக்கவில்லை.

நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆயியின் அம்மா ஈஸ்ட் வாங்கியதில்லையாம். முந்தின நாள் மாவில் ஒரு பிடி எடுத்து வைத்து, அதைக் கலந்து புளிக்கவைத்து, புளிப்பு போகக் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்பு மாதிரியானது) சேர்ப்பார்களாம். காரம் கூடினால் மாவு மஞ்சளாகும். வாசனை நன்றாக இருக்கும் என்று ஆயி சொன்னார். ஆனால் பி1 வைட்டமினுக்குக் காரம் எதிரி, அதில் அது அழிந்துபோகும். ஈஸ்ட் போட்டால் காரமே தேவைப்படாது. பழைய முறையை நான் முயற்சி செய்யாததற்கு இதைக் காரணமாகச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையான காரணம் சோம்பல்.

அப்புறம் அளவு. தோல் 40 கிராம், பூரணம் 40 கிராம். கடையில் இரண்டுக்கு ஒன்றாக இருந்தது இப்போது ஒன்றுக்கு ஒன்று. கறியில் கொழுப்பை 30 சதவீதத்திலிருந்து 15க்குக் குறைத்தேன், கொதிநீரில் முக்கிப் பிழிந்த சீன முட்டைக்கோஸ் 100 கிராம் சேர்த்தேன், உப்பைப் பாதியாக்கினேன். கொழுப்பு குறைந்ததும் பூரணம் வறண்டுபோகும் என்று பயந்தேன், அப்படியே ஆனது. அடுத்த ஈட்டில் இஞ்சித் தண்ணீருக்குப் பதில் ஆறிய கோழிச் சாறு ஏற்றினேன், கொஞ்சம் காளான் ஊறின தண்ணீரும். சரியாகிவிட்டது. உப்புக் குறைவையும் அந்தக் காளான் தண்ணீரே சமாளித்தது.

40 கிராம் தோலை மடிப்பது வேறு வித்தை. ஓரம் மெலிசாகிச் சாறு கசியும். பத்தில் மூன்று கசிந்தன. பூரணத்தைப் பதினைந்து நிமிடம் ஃபிரீசரில் வைத்துக் கெட்டியாக்கிய பிறகு ஒன்றுகூடக் கசியவில்லை. இப்போது எனக்குப் பதினொரு மடிப்பு வருகிறது.

ஒன்று 80 கிராம், 153 கலோரி. புரதம் 6.3, கொழுப்பு 4.5, மாவுச்சத்து 20, சோடியம் 150. இரண்டு தின்றால் 306 கலோரி. முன்பு இரண்டுக்கு 468. புரதம் மொத்தத்தில் மூன்று கிராம் குறைகிறது, அதை ஒரு அவித்த முட்டை ஈடுகட்டி மேலேயும் தருகிறது. முட்டையை முதலில் தின்றுவிட்டு, சர்க்கரை போடாத சோயாப் பாலோடு இரண்டு பாவ்ஸி தின்ற நாள் மீட்டரில் 8.1 வந்தது, 146. இந்த ஐந்து வாரத்தில் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் அதுதான் குறைந்த எண்.

மனைவிக்குக் கீரைப் பூரணத்தில் எண்ணெயை 40லிருந்து 20 கிராமாக்கி, டோஃபுவை இரண்டு மடங்காக்கினேன். உதிரத்தான் செய்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்பூன் எள்ளுப் பொடி போட்டுப் பார்க்கலாம் என்று அவள் சொல்கிறாள், இட்லிப் பொடி டப்பாவைப் பார்த்துக்கொண்டே. அது வேறு விஷயமாகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

திருத்திய ஈட்டில் நான்கைத் தட்டில் வைத்து எதிர் ஃபிளாட்டுக்குக் கொண்டுபோனேன். ஆயி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிற மாதிரி ஆட்டினார். கடித்தார். மென்றார்.

"பூரணம் நன்றாக இருக்கிறது" என்றார். "ஆனால் இது பாவ்ஸி இல்லை, தடித்தோல் ஜியாவ்ஸி." ஜியாவ்ஸி என்பது மெல்லிய தோலில் பூரணம் வைக்கும் சீனக் கொழுக்கட்டை.

மீதி மூன்றையும் தட்டோடு வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு அவர் வீட்டில் செய்வதாகச் சொல்லியிருக்கிறார், தராசைக் கொண்டுவரக் கூடாதாம்.